ஆட்டக்காரர் போவார், கோப்பு தங்கிவிடும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒழுங்கு நடவடிக்கையும் இடமாற்றமும்

2013 நவம்பர் 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் நடந்த ஆட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி 38–37 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய அரை நிமிட அளவே மிச்சம். ஆபர்னின் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் தொலைவுக்கு எறிந்த பந்து, தடுக்க எழும்பிய ஜார்ஜியா ஆட்டக்காரர்களின் கையில் பட்டுத் தெறித்து, பின்னால் ஓடிவந்த ரிக்கார்டோ லூயிஸிடம் போய்ச் சேர்ந்தது. 73 கெஜ டச்டவுன். ஆபர்ன் 43–38 என வென்றது. அந்தப் பந்தை எறிந்த மார்ஷல் ஜார்ஜியாவின் பழைய ஆட்டக்காரர். 2012 தொடக்கத்தில் அணி விதிகளை மீறியதற்காக அங்கிருந்து நீக்கப்பட்டவர். சக ஆட்டக்காரரிடம் திருடிய விவகாரம் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. இடையில் ஒரு பருவம் கன்சாஸ் மாநிலத்தின் கார்டன் சிட்டி சமுதாயக் கல்லூரியில் ஆடிவிட்டு ஆபர்னுக்கு வந்திருந்தார். அந்தப் பருவத்தில் ஆபர்ன், இரு அணிகளும் அங்கம் வகிக்கும் தென்கிழக்குக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று தேசிய இறுதி ஆட்டம் வரை போனது.

இக்கட்டுரையில் கால்பந்து என்பது நீள்முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அங்கே அது பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கும் பெருந்தொழில். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்லர், மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். இத்தொழிலில் ஒரு கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை எடுத்து விலக்கிய இளைஞரை இன்னொரு கல்லூரி சேர்த்துக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். அதுபற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சுழல்கிறது: தவறு செய்தவருக்கு மறுவாய்ப்புத் தரலாமா, கூடாதா? இக்கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது என்பது என் எண்ணம். மறுவாய்ப்பைத் தருவது யார், என்ன தெரிந்துகொண்டு தருகிறார், அது தவறிப்போனால் இழப்பு யாருக்கு என்று கேட்டால் பார்க்க வேண்டியவை வேறாகத் தெரிகின்றன.

குற்றம் நிரூபிக்கப்படாத, அல்லது தீர்ப்பு நீதிமன்றங்களுக்கிடையே அலைந்த விவகாரங்களில் ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவை பொதுவெளியில் உள்ளவைதாம். ஆனால் வாதத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை.

ஒரே பெட்டியில் போட்டவை

'ஒழுங்குச் சிக்கல்' என்ற தலைப்பின்கீழ் எவையெல்லாம் வந்து சேர்கின்றன என்று முதலில் பார்க்கவேண்டும்.

ரேண்டி மாஸ் மேற்கு வர்ஜீனியாவின் உயர்நிலைப் பள்ளி நட்சத்திரம். 1995இல் பள்ளியில் நடந்த, இனப் பகைமை கலந்த ஒரு சண்டையில் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டதும், அவரை ஒப்பந்தம் செய்திருந்த நோட்ர டேம் பல்கலைக்கழகம் சேர்க்கை தர மறுத்தது. ஃபுளோரிடா ஸ்டேட் சேர்த்துக்கொண்டது. 1996இல் தண்டனைக்கால நிபந்தனையை மீறிக் கஞ்சா புகைத்தது சோதனையில் தெரியவர, அதுவும் விலக்கியது. கேம் நியூட்டன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2008 நவம்பரில், திருட்டு மடிக்கணினி விவகாரத்தில் கைதானார். முதல்முறை சிக்குவோருக்கான சீர்திருத்தத் திட்டத்தை முடித்ததும் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஜனோரிஸ் ஜென்கின்ஸ் 2011இல் அதே ஃபுளோரிடாவிலிருந்து கஞ்சாக் கைதுகளுக்குப் பின் விலக்கப்பட்டு, இரண்டாம் பிரிவைச் சேர்ந்த வடக்கு அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் சாக் மெட்டன்பெர்கர் 2010இல் ஒரு மதுக்கூட நிகழ்வுக்குப் பின் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சிறுகுற்ற நிலையிலான இரண்டு பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார்.

கஞ்சா, மடிக்கணினி, கைகலப்பு, பெண்ணின் உடல்மீதான அத்துமீறல் என இவை நான்கும் விளையாட்டுப் பக்கங்களில் ஒரே சொற்றொடரால் குறிக்கப்பட்டன: 'களத்துக்கு வெளியே நேர்ந்த பிரச்சினைகள்'. இந்த மழுப்பல் ஆய்வாளர்களையும் தொற்றியிருக்கிறது. 2011இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழும் சி.பி.எஸ். செய்திப் பிரிவும் சேர்ந்து, 2010 பருவத்தின் முன்னணி 25 அணிகளைச் சேர்ந்த 2,837 ஆட்டக்காரர்களின் காவல்துறைப் பதிவுகளைத் துழாவின. 204 பேர், அதாவது ஏறத்தாழ 7 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு வழக்கில் சிக்கியிருந்தனர். இந்த எண்தான் எங்கும் மேற்கோளாகிறது. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு: அந்த 25 கல்லூரிகளில் ஆட்டக்காரர்களின் குற்றப் பின்னணியை முறையாகச் சோதித்தவை இரண்டே இரண்டு.

பெட்டிக்குள் கிடப்பவற்றின் மதிப்பும் காலத்தோடு மாறுகிறது. 2024 ஜூனில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவுக்கான தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டது. மாஸும் ஜென்கின்ஸும் எந்தப் பொருளுக்காகக் கல்லூரியை இழந்தார்களோ அதைச் சங்கம் இன்று தேடுவதே இல்லை. ஆட்டக்காரர்களில் கருப்பினத்தவர் மிகுதி, பயிற்சியாளர்களில் வெள்ளையர் மிகுதி என்ற நிலையில், 'ஒழுங்கு' என்ற பெயரில் எவையெல்லாம் தண்டிக்கப்பட்டன என்பதை இந்த மாற்றத்தோடு சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

விலக்கும் அதிகாரமும் ஒன்றல்ல, மூன்று. காவல்துறையும் நீதிமன்றமும் ஒரு தளம். பல்கலைக்கழகத்தின் மாணவர் நடத்தைக் குழு இன்னொன்று. அணி மூன்றாவது, அங்கே பயிற்சியாளரின் ஒரு சொல் போதும், விசாரணை வேண்டாம், காரணத்தை எழுதிவைக்கவும் வேண்டாம். என்.சி.ஏ.ஏ. விதிநூலில், முந்தைய கல்லூரியில் ஒழுங்குக் காரணத்துக்காக இடைநீக்கத்தில் இருக்கும்போதே மாறிவருபவர் ஓராண்டு ஆடாமல் இருக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் அது பல்கலைக்கழகம் விதித்த இடைநீக்கத்தைப் பற்றியது. அணியிலிருந்து மட்டும் நீக்கப்பட்டவர், காகிதத்தைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் உள்ள மாணவர்.

கடிகாரமும் சமுதாயக் கல்லூரியும்

இந்த ஆட்டக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கன்சாஸ், மிசிசிப்பி, டெக்சாஸ் மாநிலங்களின் சிற்றூர்களில் போய் இறங்கினார்கள்? நியூட்டன் டெக்சாஸின் பிரெனம் ஊரில் உள்ள பிளின் கல்லூரிக்குப் போனார். மெட்டன்பெர்கர் கன்சாஸின் பட்லர் சமுதாயக் கல்லூரிக்கு. விடை விதிநூலில் இருக்கிறது.

ஓர் ஆட்டக்காரருக்குக் கல்லூரியில் நுழைந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். அதற்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். உச்சப் பிரிவில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து அதே பிரிவில் உள்ள இன்னொன்றுக்கு மாறினால், பழைய விதிப்படி, ஓராண்டு பயிற்சி மட்டும் செய்யலாம், ஆட முடியாது. அதை 'உட்கார்ந்திருக்கும் ஆண்டு' என்பார்கள். இதற்கு இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று, ஒரு படி கீழே இறங்குவது. மாஸ் 1996இல் தன் சொந்த மாநிலத்தின் மார்ஷல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அது ஒரு படி கீழான பிரிவில் இருந்தது. உடனே ஆடினார், அந்த ஆண்டே அணி அப்பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. மறு ஆண்டு மார்ஷல் பல்கலைக்கழகம் உச்சப் பிரிவுக்கு ஏற, மாஸ் இருந்த இடத்திலேயே மேலே வந்துவிட்டார். 1997இல், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார், 1998இல் தொழில்முறை அணிகளின் அமைப்பான என்.எஃப்.எல். நடத்தும் ஆள்தேர்வில் இருபத்தோராவது இடம். 2018இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபம்.

மற்றொரு திறப்பு இரண்டாண்டுப் படிப்புள்ள சமுதாயக் கல்லூரி; ஆட்டக்காரர்களின் பேச்சில் 'ஜூகோ'. நான்காண்டுக் கல்லூரியிலிருந்து ஜூகோவுக்கும் அங்கிருந்து மீண்டும் நான்காண்டுக் கல்லூரிக்கும் போவதை அவர்கள் '4–2–4' என்று எண்களால் சொல்வார்கள். பட்டயத்தை முடித்து, முதல் கல்லூரியை விட்டு ஓர் ஆண்டு கடந்திருந்தால், திரும்பிவந்ததும் ஆடலாம். உட்கார்ந்திருக்கவேண்டிய அதே ஆண்டை ஜூகோவில் ஆடிக்கொண்டே கழித்துவிடலாம் என்பதுதான் இதன் உள்ளர்த்தம். நியூட்டன் 2009இல் பிளின் அணிக்கு ஜூகோ தேசியப் பட்டத்தை வென்று கொடுத்தார். 2010இல் ஆபர்னில் ஹைஸ்மன் விருது. 2011 ஜனவரியில் தேசியப் பட்டம். அதே ஆண்டு என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆள்.

2016 முதல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லாஸ்ட் சான்ஸ் யு' ஆவணத் தொடர், மிசிசிப்பியின் ஸ்கூபா என்ற சிற்றூரில் உள்ள கிழக்கு மிசிசிப்பி சமுதாயக் கல்லூரியை உலகறியச் செய்தது. ஜூகோவைப் பற்றிய பொதுப் புரிதல் இன்று பெரும்பாலும் அத்தொடர் உருவாக்கியதே: கரடுமுரடான பயிற்சியாளர், பென்சில் இருக்கிறதா என்று கேட்டே ஓய்ந்துபோகும் கல்வி ஆலோசகர், கடைசி வாய்ப்போடு போராடும் இளைஞர்கள். தொடர் நேர்மையானது, ஆனால் அது தரும் படிமம் ஜூகோவை ஒரு சீர்திருத்தப் பள்ளியாக்கிவிடுகிறது. விலக்கப்பட்டவர்களை ஏற்றுத் திருத்துவதற்கென்று எந்தச் சமுதாயக் கல்லூரியும் நிறுவப்படவில்லை. அதற்கான உளவியல் ஆலோசகர்களோ நிதியோ அங்கே கிடையாது. கடிகாரம் ஓடும்வரை ஆடிக்கொண்டிருக்க ஒரு களம் தேவைப்பட்டது, ஜூகோ அதைத் தந்தது. ஓராண்டில் மனிதர் திருந்தியிருக்கலாம், திருந்தாமலும் இருக்கலாம். விதி பார்ப்பது நாள்காட்டியையும் மதிப்பெண்ணையும்தான்.

இடமாற்றமே இல்லாத ஒரு வழியும் உண்டு என்பதற்கு டைரன் மத்யூ சான்று. 2011இல் ஹைஸ்மன் இறுதிப் பட்டியல் வரை போன இந்த லூயிசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) தற்காப்பாளர் போதைப்பொருள் விதியை மீறியதற்காக 2012 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். கீழ்ப் பிரிவுக் கல்லூரிக்குப் போவார் என்று பேச்சு அடிபட்டது. அவரோ மறுவாழ்வு மையத்துக்குப் போனார். அந்தப் பருவம் ஆடவே இல்லை. 2013 தேர்வில் மூன்றாம் சுற்றில் அரிசோனா அவரை எடுத்தது. களத்தில் இல்லாத ஓர் ஆண்டு அவருடைய தொழில்வாழ்வை முடித்துவிடவில்லை.

மீட்சிக் கதையும் பேராசைக் கதையும்

இவ்விடமாற்றங்களுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. பயிற்சியாளர்கள் சொல்வது மீட்சிக் கதை: பத்தொன்பது வயதுப் பையனைத் தெருவில் விடுவதா? கல்லூரியும் அணியும் தரும் கட்டுப்பாடுதானே அவனைக் காக்கும்? விமர்சகர்கள் சொல்வது பேராசைக் கதை: வெற்றிக்காகக் கல்லூரிகள் எதையும் விழுங்கும்.

இரு தரப்பும் காட்டும் சான்றுகளில் ஒரே குறை. மீட்சிக்கு மாஸ், நியூட்டன். பேராசைக்கு, சேர்ந்த இரண்டு மாதத்தில் மீண்டும் கைதானவர்கள். பெயர் தெரிந்தவர்களே சான்றாகிறார்கள். விலக்கப்பட்ட மாற்று லைன்பேக்கர் எங்கே போனார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. அவரை எந்தப் பயிற்சியாளரும் வீடு தேடிப் போய் அழைக்கவும் இல்லை. மறுவாய்ப்பு என்ற அறக்கருத்து உண்மையில் 40 கெஜ ஓட்டத்தில் எடுத்த நொடிகளைப் பொறுத்தே பங்கிடப்படுகிறது. இரக்கம் பொய் என்று இதற்குப் பொருளில்லை; பல பயிற்சியாளர்கள் நம்பித்தான் பேசுகிறார்கள். தனக்கு வேண்டியவரிடம் மட்டும் இரக்கம் காட்டும்போது அதை ஒரு கொள்கையாக ஏற்க முடியாது என்பதே என் வாதம்.

பேராசைக் கதைக்கும் ஒரு பார்வைக் குறைபாடு உண்டு. அது ஆட்டக்காரரை வெறும் ஆபத்தாகப் பார்க்கிறது. 1973 முதல் 2012 வரை விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டுதோறும் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம். ஊதியம் இல்லை, ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லை, நீக்கினால் முறையிட வலுவான மன்றமும் இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் மாறிச் செல்லும் உரிமைதான் ஆட்டக்காரரிடம் இருந்த ஒரே பிடி. அதை 'ஒழுங்கு' என்ற பெயரில் முழுக்க மூடிவிட்டால், பயிற்சியாளரின் கோபமே ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்த்துவிடும். ஆகவே எல்லா இடமாற்றங்களையும் தடுக்கச் சொல்பவர்களோடும் என்னால் உடன்பட இயலவில்லை.

கோப்பு எங்கே நிற்கிறது

நம்மூரில் பள்ளி மாறுகிறவர் கையில் டி.சி. இருக்கும், அதில் நடத்தை என்றொரு கட்டம். எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதிக்கொடுத்து அதன் பொருளை நாம் தேய்த்துவிட்டோம் என்றாலும், கட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் மதிப்பெண் சான்றிதழில் பெரும்பாலான மாநிலங்களில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. மாணவரின் பாடங்கள் அவரோடு பயணிக்கும். நடத்தைக் கோப்பு பழைய கல்லூரியின் அலமாரியிலேயே தங்கிவிடும்.

கேட்டால், 1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. மாணவர் சேர விரும்பும் கல்லூரிக்கு, அவருடைய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் உட்பட, ஆவணங்களை அனுப்ப அச்சட்டம் இடம் தருகிறது. வன்முறைக் குற்றங்களில் கல்லூரி விசாரணையின் இறுதி முடிவை வெளியிடவும் 1998 திருத்தம் அனுமதி தந்துவிட்டது. சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. அனுப்புகிற கல்லூரிக்குச் சிக்கல் கைகழுவப்பட்டால் போதும். வாங்குகிற கல்லூரிக்குத் தெரியாமல் இருப்பதே வசதி. தெரிந்தபின் சேர்த்தால் பொறுப்பு வந்துவிடும். யாரும் பொய் சொல்லவேண்டிய தேவையே எழுவதில்லை. கேட்காமலும் சொல்லாமலும் இருந்தாலே போதும்.

டெக்சாஸின் வேக்கோ நகரில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பதிவான வரலாறு. போய்சி ஸ்டேட்டிலிருந்து 2013இல் விலக்கப்பட்ட ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் பேய்லரில் சேர்ந்தார். 2015 ஆகஸ்டில் வேக்கோ நடுவர்குழு, அங்கே ஒரு மாணவியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக அவரைக் குற்றவாளி என்றது. அத்தீர்ப்பு பிறகு மேல்முறையீடுகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. நான் கவனிக்க விரும்புவது வழக்கை அல்ல, அதைத் தொடர்ந்து இரண்டு பயிற்சியாளர்கள் பொதுவெளியில் மோதிக்கொண்டதை. போய்சியின் முன்னாள் பயிற்சியாளர் கிரிஸ் பீட்டர்சன், விலக்கலின் பின்னணி முழுவதையும் பேய்லரிடம் தெரிவித்ததாகச் சொன்னார். பேய்லரின் ஆர்ட் பிரைல்ஸ், தன்னிடம் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றார். இருவரில் யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு வளாகத்தின் பெண்களுடைய பாதுகாப்பு பற்றிய தகவல் இரண்டு பயிற்சியாளர்களின் தொலைபேசி உரையாடலை நம்பியிருந்தது என்பதுதான்.

அதையடுத்துப் பல்கலைக்கழகம் அமர்த்திய பெப்பர் ஹாமில்டன் சட்ட நிறுவனம் 2016 மேயில் தந்த முடிவுகளின் சுருக்கம் வெளியானது. மாறிவரும் ஆட்டக்காரர்களின் பின்னணியைக் கால்பந்துத் துறை சீராக விசாரிக்கவில்லை என்பது அதில் இடம்பெற்ற முடிவுகளுள் ஒன்று. பிரைல்ஸ் பதவியிழந்தார், பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் அப்பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். இங்கே மறுபக்கத்தையும் பதிவு செய்யவேண்டும்: பென் ஸ்டேட்டில் விலக்கப்பட்டுப் பேய்லருக்கு வந்த வேறோர் ஆட்டக்காரர்மீது 2016இல் பாலியல் வன்முறை வழக்கு தொடரப்பட்டது, 2019இல் நடுவர்குழு அவரை விடுவித்தது. கைது, விலக்கல், தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் எந்த நியாயமான ஏற்பாட்டையும் கட்ட முடியாது.

அதே சமயம், வழக்கு இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்றும் ஆகிவிடாது. மிசௌரி பல்கலைக்கழகம் 2014 ஏப்ரலில் தன் முன்னணி ரிசீவர் ஒருவரை விலக்கியது. ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணைப் படிக்கட்டில் தள்ளினார் என்பது புகார். வழக்குப் பதிவாகவில்லை. புகாரைத் தொடர்ந்தால் ஊடகங்களும் ஊராரும் தங்கள்மேல் பாய்வார்கள் என்று புகார் தரப்பினர் அஞ்சியது காவல்துறை அறிக்கையிலேயே பதிவாகியிருந்தது. சில மாதங்களில் ஒக்லஹோமா அவரைச் சேர்த்துக்கொண்டு, உடனே ஆட விலக்கு கேட்டது. என்.சி.ஏ.ஏ. மறுத்தது. அவர் ஒக்லஹோமாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடாமல் 2015இல் என்.எஃப்.எல்.லுக்குப் போய்விட்டார்.

கதவை அடைத்தவர்கள்

2015 மே இறுதியில் ஃபுளோரிடாவின் டெஸ்டின் கடற்கரை நகரில் கூடிய தென்கிழக்குக் கூட்டமைப்பு ஒரு விதியை நிறைவேற்றியது. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற கடும் நடத்தைக் குற்றங்களுக்காக முந்தைய கல்லூரியில் முறையான ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரைக் கூட்டமைப்பின் எந்தக் கல்லூரியும் சேர்க்கக்கூடாது. உடனடிக் காரணம் அலபாமா. குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டில் கைதாகி 2014 ஜூலையில் ஜார்ஜியாவால் விலக்கப்பட்ட ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை, மிசிசிப்பியின் ஒரு ஜூகோ வழியாக அலபாமா 2015 ஜனவரியில் சேர்த்தது. மார்ச்சில் அதேபோன்ற குற்றச்சாட்டில் அவர் மீண்டும் கைதானார், அலபாமாவும் விலக்கியது. புகார் கொடுத்த பெண் பின்னர் புகாரைத் திரும்பப் பெற்றார்.

விதியை முன்மொழிந்தது ஜார்ஜியா. இதைப் பாராட்டியவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறினார்கள். ஜார்ஜியா விலக்கிய மெட்டன்பெர்கர் எல்.எஸ்.யு.வின் குவார்ட்டர்பேக் ஆனார். மார்ஷல் ஆபர்னின் குவார்ட்டர்பேக் ஆகி ஜார்ஜியாவையே வீழ்த்தினார். மூன்றாமவர் அலபாமாவுக்குப் போனார். மூன்றும் அதே கூட்டமைப்பின் போட்டியாளர்கள். ஒழுங்கில் கண்டிப்பாக இருப்பதன் விலையைக் களத்தில் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி, அந்த விலையை எல்லாருக்கும் சமமாக்கக் கேட்டது. அறமும் போட்டி நலனும் ஒரே மனுவில் வந்ததால் விதி கெட்டுவிடவில்லை. அது நிறைவேறியதற்கே அந்தக் கலவைதான் காரணம் என்று நினைக்கிறேன். வன்முறையை மற்ற மீறல்களிலிருந்து அது பிரித்ததும் சரியே. மார்ஷலின் விவகாரம் இவ்விதிக்குள் வராது.

விதியின் பலவீனம் அதன் எல்லையில் இருக்கிறது. தென்கிழக்கில் அடைபட்ட கதவு வேறு கூட்டமைப்பில், கீழ்ப் பிரிவில், ஜூகோவில் திறந்தே இருக்கும். பாலியல் புகார்களை விசாரிக்கத் தனி அலுவலகமும் வழக்கறிஞர்களும் வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகம் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஓர் அலுவலர் மூன்று வேலை பார்க்கும் சிறு கல்லூரிக்கு ஆபத்து நகர்கிறது. மேலும், 'முறையான நடவடிக்கை' என்று வரையறுத்ததால், விசாரணை முடியுமுன் கல்லூரியை விட்டு விலகுபவர் தப்பிவிடுகிறார். இந்த ஓட்டையைச் சரியாக அடையாளம் கண்டவை விளையாட்டு அமைப்புகள் அல்ல, இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள். வர்ஜீனியாவும் நியூயார்க்கும் 2015இல் இயற்றிய சட்டங்கள், அவை குறிப்பிடும் வன்முறை வழக்குகளில் நீக்கப்பட்டவரின் சான்றிதழில் மட்டுமன்றி, விசாரணை நடக்கும்போதே விலகியவரின் சான்றிதழிலும் குறிப்பு இடவேண்டும் என்றன. இது கால்பந்து ஆட்டக்காரருக்கான தனிவிதி அன்று; எல்லா மாணவருக்கும் பொது. அதனாலேயே இதை நான் சிறந்த ஏற்பாடாகக் கருதுகிறேன்.

இந்தியானா பல்கலைக்கழகம் 2017இல் தனக்கென்று ஒரு தடைவிதியை ஏற்றது. என்.சி.ஏ.ஏ. நாடு தழுவிய தடையை ஏற்கவில்லை. 2019 இறுதியில் 'யு.எஸ்.ஏ. டுடே' வெளியிட்ட புலனாய்வு, பாலியல் குற்றத்துக்காக ஒரு கல்லூரியில் தண்டிக்கப்பட்டபின் இன்னொன்றுக்கு மாறி ஆடிய 28 பேரையாவது 2014க்குப் பிந்தைய ஆண்டுகளில் கண்டறிந்தது. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்த எண்ணிக்கை இது. கேட்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பதிவுகளைத் தராத நிலையில் கிடைத்த எண்ணிக்கையும்கூட. 2020இல் என்.சி.ஏ.ஏ. ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. தன்மீது வன்முறை தொடர்பான விசாரணையோ தண்டனையோ இருந்ததா என்று ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் எழுதித் தரவேண்டும். கல்லூரி, பழைய கல்லூரியிடமிருந்து விவரம் பெற முயலவேண்டும். தெரிந்தபின் என்ன செய்வது? அதைக் கல்லூரியின் முடிவுக்கே விட்டுவிட்டது.

போர்ட்டல் வந்தபின்

மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பதியும், 2018 அக்டோபர் 15 முதல் இயங்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், 2021இல் முதல் இடமாற்றத்துக்கும் 2024இல் எத்தனை இடமாற்றத்துக்கும் 'உட்கார்ந்திருக்கும் ஆண்டை' நீக்கிய விதிமாற்றங்கள், 2021 ஜூலை முதல் பெயர்–உருவ உரிமையால் வரும் வருமானம், 2025 ஜூனில் உறுதியான 'ஹவுஸ்' உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டில் 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை நேரடியாகப் பங்கிடலாம் என்ற நிலை ஆகியவை பழைய கணக்கைக் கலைத்துவிட்டன. ஆட்டக்காரர்களுக்கு இது நியாயமான விடுதலை. ஆனால் விலக்கப்பட்டவர் கன்சாஸில் ஓராண்டைக் கழிக்கவேண்டிய கட்டாயமும் அதோடு போய்விட்டது. பருவ முடிவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கிளம்பும்போது, துரத்தப்பட்டவரும் தானாகக் கிளம்பியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சில நாள்களுக்குள் ஆளை முடிவுசெய்யவேண்டிய பயிற்சியாளருக்கு ஆட்டப் பதிவுகளைப் பார்க்கவே நேரம் போதாது. கோப்பைத் தேட யார் போவது?

பயிற்சியாளர்களின் பயணங்களை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆர்கன்சாஸின் பாபி பெட்ரினோ 2012இல் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தைப் பற்றி நிர்வாகத்திடம் பொய் சொன்னதும், தான் உறவு வைத்திருந்த பெண்ணுக்கு வேலை கொடுத்ததும் வெளிவந்து நீக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மேற்கு கென்டக்கி அவரை அமர்த்தியது, 2014இல் லூயிவில். 2023 நவம்பரில் ஆர்கன்சாஸே தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளராகத் திரும்ப எடுத்தது. ஒரு படி கீழே இறங்கி, ஒரு பருவம் வென்று, மேலே ஏறும் இந்த வழியில் ஆட்டக்காரர்களுக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை. பிரைல்ஸ் விவகாரம் வேறுமாதிரி நடந்தது. கனடாவின் ஹாமில்டன் அணி 2017இல் அவரை அமர்த்தி, எதிர்ப்பு எழுந்ததும் அன்றே கைவிட்டது. 2022இல் கிராம்ப்ளிங் ஸ்டேட்டில் அமர்த்தப்பட்டவர் சில நாள்களில் விலகினார். ஒவ்வொரு முறையும் முதலில் சரி என்றது அமர்த்தியவர்கள். வேண்டாம் என்றது வெளியே இருந்தவர்கள்.

ஆட்டக்காரர் சேர்க்கையில் அப்படி வெளியே இருந்து கேட்க ஆள் இல்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். விளையாட்டுத் துறையோடு தொடர்பில்லாத, சேர்க்கை அலுவலகத்தின் கீழ் இயங்கும் ஒரு குழு கோப்பைப் படித்து, காரணத்தை எழுதிவைத்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது ஒன்றும் புரட்சி அல்ல. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான வேதியியல் மாணவர் ஒருவர் மாறிவந்தால் பல கல்லூரிகள் இப்படித்தான் செய்கின்றன. அக்குழு மார்ஷலைச் சேர்த்திருக்கும் என்றே நினைக்கிறேன். நியூட்டனையும் சேர்த்திருக்கலாம். மெட்டன்பெர்கரைச் சேர்ப்பதற்குமுன் இன்னும் நிறையக் கேட்டிருக்கும். கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும், கையொப்பத்தோடும் தேதியோடும், அடுத்து எப்போதேனும் ஒருவர் கேட்டால் எடுத்துக்காட்ட முடிகிற இடத்தில் இருந்திருக்கும்.